வலது பக்கத்துக் குரல்

— எடுத்துக்குங்க சார். நீங்க கட்டச் சொன்ன பந்து. சோப்பு போட்டுக் கழுவித்தான் கொணாந்திருக்கேன்.

— என்ன கலியாணசுந்தரம், டாக்டர் மேஜை மேல பந்தை வெக்கறே? இந்த வயசுல என்னை விளையாடச் சொல்றியா?

— இல்ல சார். இனிமே எனக்கு வேணாம். பனியன் முதுகுல தெச்சிருந்த பையையும் பிரிச்சுட்டேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்க மவராசன். தூக்கம் வந்துச்சு, சோக்கா வந்துச்சு. நன்றி சொல்லிட்டு, திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னுதான்...

— நல்லாத் தூங்கினேன்னு ஒரு நன்றி. அதனால பந்து வேணாம்னு ஒரு வாபஸ். பட்டாளத்துல இருபத்தஞ்சு வருஷம் வைத்தியம் பாத்தவன் இந்த சாமுவேல். உன்னை மாதிரி ஒரு பேஷண்டைப் பாத்ததில்லப்பா. வடிவாம்பாள், நீயாவது சொல்லும்மா. உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?

— நான் இன்னா சொல்றது அய்யா. அவரையே கேளுங்க.

— இது என்னம்மா குரல்? தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கு!

— நேத்து தெருவுல பொடவைக்குப் பாவு நூல் நீட்டியிருந்தோம் அய்யா. திடீர்னு மழை. நூலை நனைய விடாம உள்ள கொண்டு போறதுக்குள்ள நான் நனைஞ்சுட்டேன். தொண்டை கட்டிக்கிச்சு.

— உப்புத் தண்ணில கொப்பளி. இந்தா, இந்த மாத்திரையை வாயில அடக்கிக்கோ. மெல்லாதே. ரைட். இப்போ நீ சொல்லு சுந்தரம். சித்திரை மாசம் இங்க வந்தப்போ எப்படி இருந்தே, மறந்துட்டியா?

— மறக்கறதா? எழுதி வெச்சிருக்கேன் சார். நீங்கதான தினம் எழுதுன்னு சொன்னீங்க. தறிக்காரங்க எழுதப் படிக்கக் கத்துக்கற சாயங்கால கிளாஸ்ல எங்க வாத்தியார் ஒண்ணு சொல்லிக்குடுத்திருக்காரு. எதை எழுதினாலும் தேதி, நடந்தது, சந்தேகம்னு மூணு பத்தி போடணும். அப்படியே போட்டிருக்கேன். சரியாத்தான் போட்டிருக்கேனான்னு தெரியல.

— படி, பாப்போம்.

— ‘சித்திரை பதினெட்டு, திங்கட்கிழமை. என் வயது முப்பத்திரண்டு. தொழில் பட்டு நெசவு. பகலில் தறியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். நேற்றுக் கால் வைக்கும் தறிக் குழிக்குள் சரிந்து முழங்கால் சிராய்த்தது. இரவிலோ படுக்கவே பயமாக இருக்கிறது. மூச்சு முட்டி விழிக்கிறேன். அப்பாவும் என்னைப் போலத்தான் குறட்டை விடுவார். முப்பத்தொன்பதாம் வயதில் ஒரு விடியற்காலையில் அவரை எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை. டாக்டர் சொன்னது: மல்லாந்து படுத்தால் நாக்குப் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது. பனியன் முதுகில் ஓர் உருண்டையை வைத்துத் தைக்கவும். சந்தேகம்: இதற்கு மருந்து இல்லையா, அல்லது டாக்டருக்குத் தெரியவில்லையா.’

— பேஷ்! என்னையே சந்தேகப் பத்தியில போட்டுட்டே.

— தப்பா எடுத்துக்காதீங்க சார். எல்லாத்தையும் எழுதணுமேன்னு...

— இல்லப்பா, நியாயமான சந்தேகம்தான். இந்த நோவுக்கு என் புத்தகத்துல பேரே கிடைக்கல. ஆனா பட்டாளத்துல பாத்திருக்கேன். குறட்டை விடற சிப்பாய் சட்டை முதுகுல ஒரு உருண்டையைத் தெச்சுடுவோம். மல்லாந்தா உறுத்தும், தானா ஒருக்களிச்சுப் படுத்துடுவான். ரைட், மேல படி.

— ‘சித்திரை பத்தொன்பது. வீட்டில் பந்து இல்லை. கையில் இருந்த பழைய நாடாவை வைத்து வடிவு தைத்துக் கொடுத்தாள்.’

— நாடாவா? தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, ரெண்டு முனையும் கூரா, அந்தக் கட்டையா? அடப்பாவி! குத்திக் கிழிச்சிருக்குமே!

— உருண்டை இல்லன்னா ஒரு கட்டையாவது வைன்னாரு அய்யா. எங்க வீட்டுல கட்டைன்னா வேற எது கிடைக்கும்?

— குத்தினது கூட பரவால்ல சார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுக் கும்புடற சாமான். அதைப் போயி முதுகுக்கு அடியில போட்டுக்கினு படுக்கறதா? மல்லாந்துடுவேனோன்னு பயந்து விடிய விடிய உக்காந்துக்கினே இருந்தேன். ‘சந்தேகம்: தூக்கம் வராதது நாடா குத்தியதாலா, நாடாவை அவமதித்த பாவத்தாலா.’

— அப்புறம் பந்து எப்போ வந்தது?

— வைகாசி கருட சேவைக்குத்தான். பெருமாள் முன்னால போறாரு, எல்லாரும் கை எடுத்துக் கும்புடறாங்க, இவரு மட்டும் பொம்மைக் கடையில ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பாத்துக்கினு நிக்கறாரு. கடைக்காரரு கேக்கறாரு, எத்தினி வயசுப் புள்ளைக்குன்னு. இவரு முப்பத்திரண்டுங்கறாரு!

— பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டேன் சார்.

— ஹஹ்ஹா! சரி, பந்து கட்டின மொத நாள்?

— அதைப் படிக்க எனக்கே வெக்கமா இருக்குது. பந்து நகராம இருக்கணும்னு வடிவு மாரோட சேத்துக் கயிறு வெச்சு இறுக்கிக் கட்டினா. கட்டினவுடனே நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்தாப்பல ஆயிடுச்சு. வேத்துக் கொட்டுது. பிச்சுக் கடாசிட்டேன். ஏழு ராத்திரி அப்படித்தான். கட்டுவேன், அவுப்பேன். ‘ஏழாம் இரவு. பந்து கூரையில் பட்டு அண்டாவில் விழுந்தது. சந்தேகம்: நான் தூங்குவதற்கே லாயக்கில்லாதவனோ.’

— ஆமா, ஞாபகம் இருக்கு. அப்போ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே. ராத்திரிக்குக் கட்டாதே, பகல்ல கட்டு, உக்காந்தபடியே கட்டுன்னு சொன்னேன்.

— அதுதான் சார் என்னைக் காப்பாத்துச்சு. காலைல நாஸ்தா முடிச்சவுடனே பந்தைக் கட்டிக்கினு தறில உக்காருவேன். மொத நாள் பத்து இழை ஓட்டற வரைக்கும்தான் தாங்குச்சு. மறுநாள் இருபது. அப்பால ஒரு முழம். தெருவே வந்து பாத்துச்சு. எதிர் வீட்டு முனுசாமி, இன்னா சுந்தரம், ஒட்டகம் மாதிரி திமில் வளருதேன்னான். எனக்குப் பேஜாராப் போச்சு. ஆனா வடிவு என் வலது பக்கத்துல உக்காந்து பொடவைக் கரைக்கு நாடா வுடறவளாச்சே, அவ ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, அவன் வாயே தொறக்கல.

— என்னம்மா சொன்னே?

— ஒட்டகம் உக்காந்துக்கினே தூங்கும்ணே, எங்கூட்டுக்காரரு படுத்தே தூங்கப் போறாருன்னேன்.

— பலே!

— பதினஞ்சு நாள்ல பந்து இருக்கறதே மறந்துபோச்சு சார். ஒருநாள் அப்படியே காமாட்சியம்மன் கோயிலுக்கே போயிட்டேன். அப்பால மத்தியானத்துல அரை மணி படுத்துப் பாத்தேன். அப்பால ராத்திரி. ‘ஆனி இருபத்திரண்டு. பந்தோடு விடியும் வரை தூங்கினேன். விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. டாக்டர் சாமுவேல் நன்றாக இருக்கவேண்டும்.’ இதுக்குச் சந்தேகப் பத்தி காலி சார். மொத்த நோட்டுலயும் அது காலியா இருக்கறது அந்த ஒரு நாள்தான்.

— இதை விட ஒரு டாக்டருக்கு வேற என்னப்பா வேணும்? தறியில தூங்கறது?

— இல்லவே இல்ல. ஒரு இழை தப்பல. முதலாளி முகூர்த்தப் பொடவைக்குப் பாவு குடுத்திருக்காரு.

— வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?

— சௌக்கியம்தான். இவதான் கொஞ்சம் சோம்பேறி ஆயிட்டா சார். முன்னெல்லாம் நான் எப்போ கண்ணைத் தொறந்தாலும் முழிச்சிக்கினு இருப்பா. இந்த ஒண்ணரை மாசமா பால்காரரு கதவை இடிக்கறாரு, இவளுக்குக் கேக்கறதில்ல. எங்க பொண்ணு போயி எழுப்பணும். அதையும் எழுதி வெச்சிருக்கேன். ‘வடிவு இன்றும் ஏழு மணிக்கு எழுந்தாள். சந்தேகம்: உடம்பு சரியில்லையா.’

— ம்... அதையும் எழுதியிருக்கியா. வேற என்ன எழுதியிருக்கே அவளைப் பத்தி?

— நல்லதும் எழுதியிருக்கேன் சார். என்னை விட்டு ஒரு ராத்திரி இருக்கமாட்டா. அவ அம்மா வீடு ஐயம்பேட்டை, பஸ்ஸுல அரை மணி. எட்டு வருஷத்துல ஒருநாள் ராத்தங்கினதில்ல. கூடப் பொறந்த தங்கச்சி கல்யாணம், தாலி கட்டினவுடனே கிளம்பி விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துட்டா. பிரசவத்துக்கே போகல. அவ அம்மாவை இங்க வரவழைச்சுக்கினா. ஊரே என்னைப் பாத்து சிரிச்சுச்சு, அப்படி இன்னாடா மருந்து வெச்சேன்னு.

— நல்லா கேட்டீங்க போங்க அய்யா. அவரு பாட்டுக்குச் சொல்லிக்கினே போறாரு. பந்து விஷயத்தைப் பேசுங்க.

— அதுக்குத்தான் வரேன்மா. சுந்தரம், இவ்வளவும் நல்லதாவே இருக்கே. எதுக்குப் பந்தைத் திருப்பறே?

— சொன்னா சிரிப்பீங்க சார்.

— ஒட்டகத்துக்கே சிரிச்சாச்சு. சொல்லு.

— எனக்குக் கல்யாணம் ஆன புதுசுலருந்து ஒரு கனவு. தினம் வரும், ஒரே ராத்திரில பத்து இருபது தடவை கூட வரும். தறிக் குழில உக்காந்திருக்கேன். இருட்டு. மூச்சு முட்டுது. கையில நாடா இருக்குது, வுட முடியல. அப்போ வலது பக்கத்துலருந்து ஒரு குரல். பொம்பளக் குரல். ‘வுடு’ன்னு சொல்லும். உடனே கை வுட்டுடும். மூச்சு வந்துடும். அவ்வளவுதான்.

— வலது பக்கத்துலருந்தா.

— ஆமா சார். யாருன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதிப் பாத்தேன். என்னை வுடுன்னு ஏகவசனத்துல சொல்ற பொம்பள இந்த உலகத்துல யாரு? எங்கம்மா. ஆனா எங்கம்மா தறில உக்காந்ததே இல்ல, செத்தும் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதனால அம்மனா இருக்கணும். காமாட்சியம்மன்தான் எங்கப்பாவுக்குக் குடுக்காத உயிரை எனக்குத் தினம் குடுக்கறா. அந்தத் தைரியத்துலதான் எட்டு வருஷமா கண்ணை மூடறேன். வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போடறேன்.

— பந்து கட்டினப்புறம்?

— குரல் நின்னுபோச்சு. ஆனி இருபத்திரண்டுலருந்து ஒருநாள் கூட வரல. மொத ஒரு மாசம் தூங்கற சந்தோஷத்துல தெரியல. அப்பாலதான் உறைச்சுது. ஒரு ரப்பர் பந்தை நம்பி அம்மனை உட்டுட்டேனே. கோச்சிக்கினு போயிட்டா சார். எட்டு வருஷம் முழிச்சிக்கினு எனக்குக் காவல் இருந்தவளை விட எனக்குப் பந்து பெருசா? அதான் மூணு நாளா கட்டறதில்ல.

— மூணு நாள் கட்டலியே, குரல் வந்ததா?

— எங்க சார்? கட்டலைன்னதும் பழைய பயம் வந்துடுச்சு. பொட்டுத் தூக்கம் இல்ல. மூணு நாளும் விடிய விடிய தறில உக்காந்திருந்தேன். இப்போ கூட உங்களை ரெண்டு ரெண்டாத்தான் பாக்கறேன்.

— ரைட். சட்டையைக் கழட்டு. அந்த பெஞ்சுல படு. மல்லாந்து படு.

— சார், பந்து இல்லாமயா? மூச்சு...

— நான் கையில கடிகாரத்தோட பக்கத்துல இருக்கேன். பட்டப்பகல். உன் சம்சாரம் இருக்கா. குரல் வருதான்னு மூணு பேரும் பாத்துடுவோம். சாப்பாடு ஆச்சா?

— ஆச்சு சார், கேழ்வரகுக் களி. வடிவு, நீ இந்தப் பக்கம் உக்காரு. தறில உக்காருவியே, அப்படி.

— உக்காந்துட்டேன். நீங்க கண்ணை மூடுங்க.

— அம்மன் வந்தா எழுப்பாதீங்க சார். ரெண்டு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும்...

— கேளு, கேளு.

— ...

— தூங்கிட்டாரு அய்யா. மூணு நாள் தூக்கம்.

— இவ்வளவு சீக்கிரமா? அப்பப்பா, என்ன குறட்டை! ஜன்னல் கண்ணாடி அதிருதே.

— இது சும்மா அய்யா. இனிமேதான் இருக்குது. தோ, நின்னுடுச்சு பாருங்க.

— ஆமா. எட்டு... பத்து... நெஞ்சு மேல வருது, காத்து உள்ள போகல. பதினாலு... என்னம்மா இது, உதடு கறுக்குதே. எழுப்பிடுவோம்.

— தொடாதீங்க அய்யா. தொட்டா அலறிக்கினு எழுந்துடுவாரு. அப்பால ஒரு வாரம் படுக்கமாட்டாரு.

— இருபது! வடிவாம்பாள்!

— வுடு.

— ...

— மூச்சு வந்துடுச்சு அய்யா. பயப்படாதீங்க.

— கர்த்தரே! வலது கை அசைஞ்சுதே பாத்தியா? நாடா தள்ற மாதிரி! நீயாம்மா? எட்டு வருஷமா நீயா?

— மெதுவாப் பேசுங்க. கல்யாணமான மூணாம் நாளு மொதல்ல பாத்தேன். தொட்டு எழுப்பினேன். எங்கப்பா மாதிரி ஆயிடுவேன்னு விடியற வரைக்கும் அழுதாரு. மறுநாளும் அப்படியே. ஒருநாள் அரைத் தூக்கத்துல வாய் தவறி வுடுன்னுட்டேன். எங்கம்மா வீட்டுத் தறில தம்பி நாடா தள்ளணும்னா அப்படித்தான் சொல்வேன், அந்தப் பழக்கம். கை அசைஞ்சுது, மூச்சு வந்துடுச்சு, இவரு முழிக்கவே இல்ல. அதுலருந்து அப்படியே.

— பகல்லயும் பக்கத்துல உக்காந்து இதைத்தானே சொல்றே? குரல் எப்படித் தெரியாம போச்சு?

— பகல்ல புருஷனை வுடுன்னு சொல்வாங்களா அய்யா? வுடுங்கன்னுதான் சொல்வேன். ராத்திரில அந்த ‘ங்க’ வேலை செய்யல. சொல்லிப் பாத்தேன்.

— எப்படிம்மா தூங்கினே நீ?

— தூங்குவேன், காது மட்டும் முழிச்சிக்கினு இருக்கும். மூச்சு நின்னா பத்து எண்ணுவேன். பொண்ணு பொறந்த ராத்திரி ஒரு பக்கம் அது அழுவுது, ஒரு பக்கம் இவரு நின்னுடறாரு, எதுக்கு மொதல்ல திரும்பறதுன்னு தெரியல. இவரைத் தனியா வுடப் பயந்துதான் பிரசவத்துக்குக் கூட அம்மா வீட்டுக்குப் போகல.

— இவன்கிட்டே சொல்லியிருக்கலாமே!

— உங்க மூச்சு தினம் இருபது தடவை நிக்குதுன்னு எப்படிச் சொல்றது? அப்பால கண்ணை மூடுவாரா? அம்மன் கூப்புடறான்னு இவரா நெனைச்சுக்கினாரு, தூங்கினாரு. அந்த நெனைப்பைக் கெடுக்க மனசு வரல. உங்களுக்குத்தான் அய்யா நான் நன்றி சொல்லணும். உங்க பந்து வந்தப்புறம் முழு ராத்திரின்னா இன்னான்னு தெரிஞ்சுது. மொத நாள் விடிஞ்சு எழுந்து, இவ்ளோ நீளமா ராத்திரின்னு அதிசயமா இருந்துச்சு.

— அப்புறம் பந்தைத் திருப்பிக் குடுக்க எதுக்கு இவன்கூட வந்தே?

— இவரு மனசு அதுலதான் சமாதானம் ஆவுதுன்னா, வாங்கி வெச்சிக்குங்க. இன்னும் எட்டு வருஷம் முழிச்சிக்கினாப் போச்சு.

— முடியாது. உனக்கு வயசு ஏறுது. ஒரு ராத்திரி அசந்துட்டேன்னா? இன்னிக்கு ஒருவேளை காய்ச்சல் அடிச்சுப் படுத்துட்டேன்னா? அம்மனுக்கு ஜுரம் வராது, உனக்கு வரும். எழுந்தவுடனே நீ சொல்லணும். இல்லே, நான் சொல்றேன்.

— வேணாம் அய்யா, உங்க காலைப் புடிச்சுக்கறேன். இவரா கேட்டா மறைக்கமாட்டேன். தோ, மறுபடியும் நின்னுடுச்சு.

— ஆறு... ஒம்பது...

— வுடு.

— முழிக்கறான். பேசாம இரு.

— சார்! சார்! வந்துட்டா! அம்மன் வந்துட்டா சார்! ரெண்டு தடவை கூப்புட்டா! அதே குரல், வலது பக்கத்துலருந்து. பட்டப்பகல்ல, உங்க மருந்து வாசனையில, என்னைத் தேடிக்கினு வந்துட்டா. என் மேல கோவம் இல்ல சார் அவளுக்கு!

— சந்தோஷம்ப்பா. எழுந்து உக்காரு. தண்ணி குடி.

— நோட்டைக் குடு வடிவு, பென்சிலும். சுடச்சுட எழுதிடணும். ‘ஆவணி பதினொன்று, பகல். நடந்தது: டாக்டர் வீட்டுப் பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். குரல் வந்தது. இரண்டு முறை. வுடு என்றது. மூச்சு வந்தது. சந்தேகம்...’

— என்னப்பா நிறுத்திட்டே? இன்னிக்கும் அந்தப் பத்தி காலிதானே?

— இல்ல சார். ஒண்ணு இருக்குது.

— சொல்லு.

— குரல் கம்மிப்போயிருந்துச்சு. தகரத்தைச் சுரண்டற மாதிரி. வடிவு, நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கினே? சார், அந்தப் பந்தை இப்படிக் குடுங்க. குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மனுக்கு எப்படி சார் தொண்டை கட்டும்?